கறையான் ஏறாத மண்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று முதலில் தரையைத்தான் பார்ப்பார்கள். நான்கு வருடமாக இது பழகிவிட்டது. அன்று காலை ஆய்வுக்கூடத்துப் பியூன் கண்ணப்பன் சைக்கிளில் வந்து நின்றபோது தரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. மகனுக்குக் காய்ச்சல் என்று நான் லீவில் இருந்தேன். அவனைத் தோளில் போட்டுக்கொண்டே வெளியே வந்தேன்.

"லூர்து சார் பூட்டாரும்மா" என்றார் கண்ணப்பன். "காத்தால பூசைக்குக் கிளம்பிக்கினு இருந்தாராம். சட்டைப் பட்டனைப் போட்டுக்கினே கட்டில்ல உக்காந்தவரு, எழுந்துக்கல. ஹார்ட்டுன்றாங்க."

எனக்கு அழுகை வரவில்லை. "நேத்து வந்த சாம்பிளுக்கெல்லாம் லேபிள் எழுதிட்டாரா?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கண்ணப்பனும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் எழுதிட்டுத்தாம்மா போனாரு" என்றார்.

முப்பதாம் நாள் பூசையில் படிக்க இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அவர் மனைவி செலின் அக்கா கேட்டிருந்தார். என்னால் முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் மகன் இருமுவான். அவன் இருமினால் என் கை ஓடாது. இப்போது ஆய்வுக்கூட நண்பர்கள் அவர் நினைவாகப் அச்சிடும் சிறு மலருக்காக, எல்லோரும் எழுதி முடித்த பிறகு, தாமதமாக எழுதுகிறேன். லூர்துநாதனை உங்களுக்குத் தெரியும். வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து தினமும் சைக்கிளில் வந்தவர். காதில் பென்சில் செருகியவர். கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து ஜன்னல் ஓரத்தில் தனியாகச் சாப்பிட்டவர். சின்ன விஷயத்துக்கும் சண்டைக்கு நின்றவர். அவர் என்னோடு போட்ட ஒரு சண்டையைப் பற்றி உங்களில் பலருக்கு முழுதாகத் தெரியாது. அதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் பொய்யாகிவிடும்.

பாகூர்ப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்ட ஊரில் ஒரு கம்பெனி இருந்தது. தோல் பதனிடுகிறவர்களுக்கு மஞ்சள் உப்புக் காய்ச்சி அனுப்பியது. ஊரில் அதற்கு மஞ்சக் கம்பெனி என்று பேர். நான் கல்யாணமாகி வருவதற்குள் அதை மூடிவிட்டார்கள். பிறகு அந்த இடத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமா என்று கேட்டு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மதிலுக்குள் இருக்கும் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்து அறிக்கை தர வேண்டும். லூர்து சார் டெக்னீஷியன். நான் அவருக்குக் கீழே உதவியாளர். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, பத்து மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

முதல் நாள் ஜீப்பில் போய் இறங்கினோம். மழை பெய்து இரண்டு நாளாகியிருந்தது. மதிலுக்குள் அங்கங்கே குட்டையாகத் தேங்கி நின்ற தண்ணீர் மஞ்சள் கரைத்ததுபோல் இருந்தது. காய்ந்த இடங்களில் உப்புப் பூத்திருந்தது. நான் பாட்டிலைத் தண்ணீரில் அமிழ்த்தப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "லேபிள் மொதல்ல. தண்ணி அப்புறம்." பேனாவை எடுத்தேன். அதையும் வாங்கி என் பையிலேயே போட்டுவிட்டு, காதிலிருந்த பென்சிலைக் கொடுத்தார். "பேனா மழைக்கு அழுதுடும். பென்சில் அழாது." எந்த இடம், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், யார் எடுத்தது என்று நாலு வரி எழுதிய பிறகுதான் பாட்டில் திறக்க வேண்டும். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு குட்டைக்கு இவ்வளவா என்று நினைத்தேன்.

மதியம் வேப்பமர நிழலில் கம்பெனியின் பழைய வரைபடத்தை விரித்தார். காய்ச்சி முடித்த சக்கையைக் கொட்டிய மேடு அதில் பெரிதாகக் குறிக்கப்பட்டிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். அங்கே மேடு இல்லை. வேலிக்காத்தான் முளைத்த சமதரைதான் இருந்தது. வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மழைல கரைஞ்சி பூட்ச்சி சார்."

"கரைஞ்சிருந்தா கெணறு சொல்லிடும்பா. கெணத்துத் தண்ணி அவ்ளோ மஞ்சளா இல்ல. மேட்டுக்குக் கால் மொளச்சி நடந்து போச்சா?"

வாட்ச்மேன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்த மேடு எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அதன் மேல்தான் என் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தான்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊர் மண்ணில் கறையான் அதிகம். நிலைப்படி, குதிர், பரணில் வைத்த பத்திரம், எதையும் விடாது. கம்பெனியில் வேலை செய்த யாரோ ஒருவர் அந்தச் சக்கையைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையில் கொட்டியிருக்கிறார். சாம்பலும் சுண்ணாம்பும் கலந்தது போன்ற மண். அங்கே கறையான் ஏறவில்லை. அவ்வளவுதான். கம்பெனியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் கடைக்காலுக்கும் தரை நிரப்பவும் அந்த மண்ணை வண்டியில் அள்ளிவந்தார்கள். 'கறையான் ஏறாத மண்' என்றே அதற்குப் பேர் வந்தது. அதை முதலில் வீட்டுக்கு அள்ளியவர் என் மாமனார். ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அவர் போட்டார் என்பதால் மற்றவர்களும் போட்டார்கள். பலருக்கு அவரே தன் மாட்டு வண்டியில் ஓட்டிக்கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்.

அந்த வாரம் முழுவதும் மதிலுக்குள் எடுத்த மண்ணைச் சோதித்தோம். மண்ணை டிஸ்டில்ட் வாட்டரில் குலுக்கி, வடிகட்டி, கொஞ்சம் அமிலமும் சோதனைத் திரவமும் விட்டுப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். குரோமியத்தின் கெட்ட வகை இருந்தால் ஊதா நிறம் வரும். முதல் குழாய் ஊதாவானதும் லூர்து சார், "தவக்காலம் வந்துடுச்சி" என்றார். தவக்காலத்தில் அவர்கள் கோயிலில் சாமியார் ஊதா அங்கி போடுவாராம். அதிலிருந்து ஒவ்வொரு குழாய்க்கும் அதையே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என் கண் குழாயில் இருந்தது. மனம் வீட்டில் இருந்தது. மகனுடைய முழங்காலிலும் உள்ளங்கையிலும் சின்னச் சின்னப் புண்கள் ஒரு மாதமாக இருந்தன. ஊசியால் குடைந்ததுபோல் நடுவில் குழி விழுந்த புண்கள். ஆறுவேனா என்று நின்றன. வேனல் கட்டி என்று மாமியார் சொன்னார். டாக்டர் களிம்பு கொடுத்துவிட்டு, "வீட்ல சாயம் எதாவது காய்ச்சறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் அம்மி இருக்கும் மூலையில் சிமெண்ட் வெடித்திருந்தது. ஒரு நாள் காலை, யாரும் பார்க்காதபோது அந்த வெடிப்பில் கரண்டியை விட்டுக் கொஞ்சம் மண் எடுத்தேன். மகனுடைய காலிப் பால் பவுடர் டப்பாவில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனேன். "தெரிஞ்சவங்க ஒருத்தர் குடுத்தாங்க சார், சும்மா பாத்துச் சொல்லச் சொன்னாங்க" என்றேன்.

அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லேபிள் இல்லியே."

"இது ஆபீஸ் சாம்பிள் இல்ல சார்."

"இன்னாவா இருந்தா இன்னா. ஒட்டு. அப்புறம் பாக்கலாம்." டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று நாள் அது அங்கேயே இருந்தது. தினமும் நான் அதைப் பார்ப்பேன். அவர் என்னைப் பார்ப்பார். அவர் இல்லாத நேரத்தில் நானே சோதித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். திரவம் இருந்த அலமாரியின் சாவி அவர் இடுப்பில் இருந்தது. மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்தது.

"ஒரு டப்பா மண்ணு சார். உங்களுக்கு இன்னா போவுது? பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷத்துல ஒரு நெறம் வரும். வந்து?"

"வந்தா தெரிஞ்சிக்கலாம்."

"யாரு தெரிஞ்சிக்கறது? பேர் இல்லாத மண்ணுல வந்த நெறத்தை நான் எங்க எழுதறது? அதை வச்சிக்கினு நீ ஒருத்தி பயந்துக்கினு இருக்கலாம். அவ்ளோதான் நடக்கும் மல்லிகா."

லேபிளில் பேர் ஏறினால் பதிவேட்டில் ஏறும். பதிவேட்டில் ஏறினால் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகும். நாத்தனாரை அடுத்த வாரம் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். ஊருக்கே விஷ மண்ணை அள்ளிக் கொட்டியவர் என்று மாமாவைச் சொல்லுவார்கள். அதைச் சொல்லவைத்தவள் அவர் வீட்டு மருமகள் என்பார்கள். என் கணவர் அப்போது நெய்வேலிப் பக்கம் வேலையில் இருந்தார். சனிக்கிழமைதான் வருவார். யாரைக் கேட்பது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மகன் அம்மி மூலையில் குப்புறக் கிடந்தான். தூங்குகிறான் என்று நினைத்துக் கிட்டே போனேன். தூங்கவில்லை. வெடிப்பு ஓரத்தில் பூத்திருந்த மஞ்சள் உப்பை நாக்கால் தொட்டுத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து ஈறு தெரியச் சிரித்தான். அவனைத் தூக்கிப் புடவைத் தலைப்பால் நாக்கைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். அவன் வீறிட்டான். மாமியார் ஓடிவந்து குழந்தையை என் கையிலிருந்து பிடுங்கினார்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தைத் திறந்ததும் மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுத்து, பென்சிலால் எழுதி ஒட்டினேன். ஊர் பெயர். தெருப் பெயர். மாமனார் பெயர். அம்மி மூலை. நாலாவது வரியில் 'குழந்தை தவழும் இடம்' என்று எழுதினேன். லூர்து சார் வந்து படித்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

"ஆழம் எழுதலியே" என்றார்.

"ஒரு சாண் சார்."

"எழுது."

எழுதினேன். அவரே மண்ணைக் குலுக்கினார். அவரே வடிகட்டினார். திரவம் விட்ட பிறகு இரண்டு பேரும் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பத்து நிமிஷம் தேவைப்படவில்லை. ஊதா வந்தது, வந்துகொண்டே இருந்தது, குழாய்க்குப் பின்னால் இருந்த ஜன்னல் தெரியாமல் போனது. அன்றைக்கு அவர் தவக்காலம் என்று சொல்லவில்லை. "லீவு எழுதிக் குடுத்துட்டுப் போ. பையனைத் தூக்கிக்கினு உங்கம்மா வூட்டுக்குப் போயிடு. நாளைக்கு நான் வரேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பால் டப்பால எவளும் அடுத்த வூட்டு மண்ணை அள்ளமாட்டா. மொதல் நாளே எனக்குத் தெரியும். அந்த மூணு நாளு பழி என் மேலதான்."

தெரிந்தே மூன்று நாள் அதை மேல்தட்டில் வைத்திருந்தார். இறந்தவரைப் பற்றி இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் அவருக்கே பிடிக்காது. அந்த மூன்று நாளுக்காக அவர் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. என் மேல் அதைவிட அதிகம். அவருக்குத் தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே எனக்குத் தெரியும்.

மறுநாள் சொன்னபடி வந்தார். மகனை முதலியார்பேட்டையில் அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் திரும்பி வந்து, வீட்டில் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெருவே கூடியிருந்தது.

"இன்னா சார், வூட்டுக்குள்ள பூந்து மண்ணு தோண்டப் போறீங்களாமே" என்றார் மாமா. "கெட்ட மண்ணா இருந்தா கம்பெனிக்காரன் ஊருக்கே அள்ளிக் குடுப்பானா?"

"நல்ல மண்ணா இருந்தா குடுப்பானா ஐயா?"

எதிர் வீட்டு அலமேலு அக்கா சும்மா இருக்கவில்லை. "படிச்ச மருமவ வேணும்னு தேடிக்கினு வந்தாங்க. வந்தவ மாமனார் வூட்டுக்கே குழி தோண்டறா."

"அக்கா, உங்க வூட்லயும் இந்த மண்ணுதானே?" என்றார் லூர்து சார்.

"ஆமா. ஏழு வருசமா ஒரு கறையான் ஏறல. அது உனுக்குப் பொறுக்கலியா?"

"ஏன் ஏறலன்னு யாராச்சும் கேட்டீங்களா? நாம எல்லாம் வூடு கட்டிக் குடி வந்துட்டோம். கறையானுக்குத் தெரிஞ்சிருக்கு, நமக்குத் தெரியல."

யாரோ சிரித்தார்கள். சட்டென்று அடங்கியது. மாமா எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று மூலைக்கு ஒன்றாக எங்கள் வீட்டில் மட்டும் மண் எடுத்தோம். எடுத்த பொட்டலங்களைப் பெட்டியில் அடுக்கிச் சைக்கிள் கேரியரில் கட்டும்போது, பின்னாலிருந்து ஒரு வாளி சாணித் தண்ணீர் வந்து விழுந்தது. அவர் சட்டையும் பெட்டியும் நனைந்தன. யார் ஊற்றியது என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார். பாலிதீன் பைக்குள் கட்டிய மண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே ஒட்டிய லேபிள்கள் பச்சையாக ஊறியிருந்தன. ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் துடைத்தார். பென்சில் எழுத்து அப்படியே இருந்தது.

"பாத்தியா" என்றார் என்னிடம். அவ்வளவுதான். மேலெல்லாம் சாணி வழிய வில்லியனூர்வரை அப்படியே சைக்கிள் மிதித்துப் போனார்.

என் முகத்தைப் பார்த்து மாமா பேசி ஒன்பது நாளாயிற்று. நாத்தனாரைப் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. மாமியார் சோறு போடுவார், தட்டை நகர்த்துவார், போய்விடுவார். ஆய்வுக்கூடத்திலும் பிரச்சினை. மதிலுக்கு வெளியே நமக்கு வேலை இல்லை, கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள் என்று மேலதிகாரி சொன்னார். லூர்து சார் மேசைக்கு முன்னால் நின்றபடியே, "கேட்டது மதிலுக்குள்ள சார். மண்ணு வெளிய பூட்ச்சி. அதை நான் இன்னா பண்றது?" என்றார். எங்கள் வீட்டு முடிவைத் தனித் தாளில் எழுதி அறிக்கையோடு தைத்துவிட்டார். கிழித்துப் போட்டால் இன்னொன்று தைப்பேன் என்று சொன்னதாகக் கண்ணப்பன் பிறகு சொன்னார்.

பத்தாம் நாள் அவர் மறுபடியும் ஊருக்கு வந்தார். தெருவில் எந்தக் கதவும் திறக்கவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். உள்ளே இருந்த மாமாவுக்குக் கேட்கும்படி, "ஐயா, எத்தினி வூடுன்னு எனக்குத் தெரியாது. வண்டி ஓட்டினவருக்குத்தான் தெரியும்" என்றார்.

பிறகு மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். என்னிடம், "புள்ளைக்குக் கால் ஆறிடுச்சா?" என்று கேட்டார்.

"ஒண்ணு ஆறல மாமா. மத்தது காஞ்சிக்கினு வருது."

அவர் படியிறங்கி நடந்தார். லூர்து சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார். முதலில் அலமேலு அக்கா வீட்டுக் கதவைத்தான் மாமா தட்டினார். "நான்தான் கொட்டினேன். நானே சொல்றேன். தொற" என்றார். அன்றும் மறுநாளும் அவர் கை காட்டக் காட்ட நாங்கள் லேபிள் எழுதினோம். சில வீடுகளில் விடவில்லை. அந்த வீடுகளின் பேரையும் லூர்து சார் எழுதினார். ஆழம் என்ற இடத்தில் 'திறக்கவில்லை' என்று எழுதினார்.

பள்ளிக்கூடத்துக்கு வேறு இடம் பார்த்தார்கள். மதிலுக்குள் இன்னும் மஞ்சள் தண்ணீர் தேங்கத்தான் செய்கிறது. எங்கள் வீட்டில் தரையை இடுப்பளவு தோண்டி, ஆற்று மணல் நிரப்பி, மறுபடி சிமெண்ட் போட்டோம். தோண்டிய மண்ணை மதிலுக்குள்ளேயே திருப்பிக் கொட்டினோம். வேறு இடம் யாரும் காட்டவில்லை. ஊரில் பாதிப் பேர் அதைக்கூடச் செய்யவில்லை. மகனுக்குப் புண் ஆறி, முழங்காலில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் நின்றுவிட்டன. நக்கியது உள்ளே போய் என்ன செய்தது, என்ன செய்யும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. காய்ச்சல் வரும்போதெல்லாம் அந்த நினைப்புதான் வருகிறது எனக்கு.

அவர் இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு காலையில் எங்கள் நிலைப்படியின் அடியில் மண் கோடு ஒன்று ஏறியிருந்தது. விரல் பருமனில், ஈரமாக, ஒரு சாண் உயரத்துக்கு. கறையான். மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்தார். ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் லூர்து சாரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பென்சிலைக் கீழே வைத்தார். அதை அவர் கீழே வைத்து நான் பார்த்தது அப்போதுதான்.

"நிஜமாவே ஏறிடுச்சா? வந்து பாக்கறேன். அழிச்சிடாதீங்க" என்றார்.

அவர் வரவில்லை. செலின் அக்கா அவர் சட்டைப் பையில் இருந்த துண்டுப் பென்சிலை எனக்குக் கொடுத்தார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருக்கும் பொருள் அது ஒன்றுதான். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், அந்தப் பென்சிலால் நிலைப்படியில், கறையான் கோட்டின் நுனிக்கு நேராக ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினேன். அதன் கீழே ஊர், தெரு, எங்கள் வீட்டின் பேர். இன்று காலை பார்த்தேன். அந்தக் கோட்டைத் தாண்டி இன்னும் நாலு விரல் மேலே போயிருக்கிறது. மாமா மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். நாளைக்குப் பார்க்கலாம் மாமா என்றேன். சரி என்று பாட்டிலைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.